புள்ளோப்புதல்

காலை ஏழு மணி.
மஞ்சள் விளக்கு சுழலும் வண்டியை ஓரமாக நிறுத்தி
வானொலியில் கேட்கிறாள் அசஹாரா:
ஓடுபாதைக்குள் நுழையலாமா?

கோபுரத்தில் ஹசிந்தோ தொண்டையைச் செருமுகிறான்.
நுழையலாம். போக்குவரத்து எதுவும் இல்லை.

பதினான்கு மாதமாக இல்லை.
லா மான்சாவின் செம்மண்ணுக்கு நடுவே
நாலு கிலோமீட்டர் தார்.
கடைசியாகப் போன விமான நிறுவனம்
சக்கரம் வைத்த ஏணிகளைக்கூட விட்டுவிட்டுப் போனது.
வானத்தைப் பார்த்து நிற்கின்றன அவை,
மேல்படியில் யாரும் இல்லாமல்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான்.
மூடாத விமான நிலையத்தில்
பறவை இருக்கக் கூடாது.

தினைப்புனம் என்றால்
விரட்டுவதில் ஒரு நியாயம் இருக்கும்.
இங்கே தட்டை இல்லை, கவண் இல்லை.
சத்தம் மட்டும் போடும் துப்பாக்கி ஒன்று,
கட்டங்கள் போட்ட படிவம்,
மாதம் எழுநூற்று நாற்பது யூரோ.
அதிலும் இரண்டு மாதம் பாக்கி.

இருநூற்றுப் பதினோரு மணி நேரம் பறந்தவள்.
அம்மாவின் வீட்டை ஈடு வைத்து
அறுபத்தெட்டாயிரத்துக்கு வாங்கிய மணிகள்.
அதில் ஒரு மணியில், அல்பாசெத்தேக்கு மேலே,
மேகத்தில் விழுந்த தன் விமானத்தின் நிழலைச் சுற்றி
முழு வட்டமாய் ஒரு வானவில்.
கத்திவிட்டாள்.
பயிற்சியாளர் எரிபொருளைக் கவனி என்றார்.
அந்த மணியின் விலை முந்நூற்று இருபத்திரண்டு யூரோ என்று
பல மாதம் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில்
வகுத்துப் பார்த்தாள்.

மாட்ரிட் ஓட்டலில் எட்டு இடத்துக்கு அறுநூறு பேர்.
எல்லோரும் வெள்ளைச் சட்டை.
ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள்.
வேலை கிடைத்தால்தானே பறப்பது?
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் தெளியும்.
வாசலில் ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள்,
நிறுவனத்தின் பெயர் பொறித்தது.
நிறுவனம் மார்ச்சில் மூடியது.
பேனா இன்னும் எழுதுகிறது.

கூடப் படித்த இகேர்
ஷ்டுட்கார்ட்டில் பார்சல் வண்டி ஓட்டுகிறான்.
இங்கேயும் தாமதமானால் திட்டுகிறார்கள், கிட்டத்தட்ட அதே வேலைதான்
என்று எழுதியிருந்தான்.
அவள் பதில் போடவில்லை.

போன வியாழக்கிழமை
ஹசிந்தோவுக்கு அலுப்பு முற்றிவிட்டது.
திடீரென்று சொன்னான்:
காற்று இருநூற்று எண்பது பாகை, எட்டு நாட்.
புறப்பட அனுமதி.

அவளும் கேட்டுவிட்டாள், முழுசாக,
ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொன்னாள்.
பிறகு மிதித்தாள்.
எழுபது. தொண்ணூறு. முயல்கள் இரண்டு பக்கமும் சிதறின.
நூற்றிரண்டில்
கை தானாக ஸ்டியரிங்கை மார்புப் பக்கம் இழுத்தது.

அது வரவில்லை.

பாதை முடியும் இடத்தில் நிறுத்தி
கொஞ்ச நேரம் முன்கண்ணாடியைத் துடைத்தாள்.
உள்பக்கம்.

இன்று ஒரு கானமயில்.
ஆண். பதின்மூன்று கிலோவாவது இருக்கும்,
பறப்பவற்றில் இதைவிடக் கனத்தது அரிது.
நடுக்கோட்டின் மேல் நிற்கிறது
தன் பெயருக்குப் பதிவு செய்த இடம்போல.
துப்பாக்கியைத் தூக்கினாள்.
அது அவளைப் பார்க்கவில்லை.
மெல்லத் திரும்பியது, காற்று வரும் திசைக்கு.
சரி, என்றாள் தன்னையறியாமல்.
ஓடியது.
சிறகு விரிந்தும் கால்கள் தரையை விடவில்லை,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
சேலைத் தலைப்பு முள்ளிலிருந்து விடுபடுவதுபோல
விட்டது.

சுட மறந்திருந்தாள்.

படிவத்தில் இனம், எண்ணிக்கை, நேரம் 9.42.
எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில்
செத்துப்போன நிறுவனத்தின் பேனாவால் எழுதினாள்:
புறப்பட அனுமதி.

அவளுடைய உரிமம் முப்பதாம் தேதி காலாவதி.
புதுப்பிக்கத் தொள்ளாயிரம் யூரோ.
வானொலி கரகரக்கிறது.
அசஹாரா, ஓடுபாதை காலியா?

காலி என்று சொல்ல
இன்று கொஞ்சம் நேரமாகிறது.